பயணம் சொல்லவேண்டிய வீடு

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
6.8.1962, திங்கள்

உம்மாவுக்கு ஜரீனாவின் ஸலாம்.

நீங்கள் தெம்பனிஸுக்குப் போய் இன்றோடு மூன்று நாள். வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழ்வீட்டுத் தங்கம் அக்காதான் சாவியைக் கொடுத்து, "உங்கம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க, கோபம் போல லா" என்றார். கதீஜா சாச்சி வீட்டுக்கு இரண்டு நாள் போய்வருவது உங்களுக்கு வழக்கம்தானே என்று முதலில் நினைத்தேன். உள்ளே வந்து பார்த்தால் தலையணையையும் காணோம். இரண்டு நாளில் வருகிறவர் யாராவது தலையணையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்களா? அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

சரவாக் என்றால் உலகத்தின் கோடி இல்லை, உம்மா. கப்பலில் இரண்டு ராத்திரி. அங்கே ஆற்றில் மேலே போனால் ஒரு சின்ன மருந்தகம். பிரசவத்துக்குப் பெண்கள் இரண்டு நாள் படகில் வருகிறார்களாம். அங்கே வேலை செய்கிற டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பேசினார். மலாய் பேசத் தெரிந்த, என்னைப்போல நர்ஸ் வேலை பார்க்கிற மிஸ்ஸி ஒருத்தி இரண்டு வருஷத்துக்குத் தொண்டராக வேண்டும் என்றார். சாப்பாடும் இடமும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருவார்கள். இங்கே என் வேலை எனக்காகக் காத்திருக்கும். செப்டம்பர் 19, புதன்கிழமை கப்பல்.

அதோடு, அடுத்த மாதம் ஓட்டுப் போடப்போகிறோமே, எல்லாம் பேசுகிறபடி நடந்தால் நாமும் சரவாக்கும் ஒரே நாடாகிவிடுவோமாம். அப்புறம் ஹலீமா மகள் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகவாவது கொஞ்சம் சிரியுங்கள்.

உங்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது என்பதால், சின்ன வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்த அரபுத்தமிழிலேயே எழுதுகிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. கோழி கிண்டினதுபோல இருக்கிறது. ஒரு நன்மை, சாச்சியின் வீட்டுக்காரர் அஜீஸ் சாச்சாவுக்கு இது தெரியாது. நமக்குள் இருக்கும். வந்துவிடுங்கள், உம்மா.

ஜரீனா


தெம்பனிஸ் ரோடு
9.8.1962

மகள் ஜரீனாவுக்கு உம்மா எழுதுவது.

கோழி கிண்டினது இல்லை, காக்காய் கிண்டினது. இருந்தாலும் படித்துவிட்டேன். நாடு ஒன்றாகிவிட்டால் நடுவில் கிடக்கிற கடல் வற்றிப்போகுமா? என்னைச் சிரிக்கவைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே. உன் வாப்பாவும் இருந்த காலத்தில் இப்படித்தான் செய்வார்.

நீ போகிறாய் என்பதற்காக மட்டும் நான் கிளம்பி வரவில்லை. தேக்கா மார்க்கெட்டில் கீரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். தங்கம் வந்து, "என்ன ஹலீமாக்கா, மகள் சரவாக் போவுதாமே, ரெண்டு வருஷமாமே" என்கிறாள். அவள் தம்பி உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா, தெரியும்" என்றேன். பெற்றவள் நடுச் சந்தையில் நின்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் மேசையில் அந்த இங்கிலீஷ் காகிதம். பத்து நாளாக அதன்மேல்தான் எண்ணெய்க் குப்பியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தானே அதை மறைக்காமல் வைத்திருந்தாய்? மறைத்து வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உன் வாப்பா நாகூரிலிருந்து சம்பாதிக்கக் கப்பலேறிச் சபர் போனபோது உனக்கு நாற்பது நாள். மூன்று வருஷத்தில் வருகிறேன் என்றார். இடையில் சண்டை வந்து கப்பல் நின்றது. ஒன்பது வருஷம் கழித்து நாம்தான் அவரிடம் வந்தோம். அவர் முகத்தைப் பார்த்து நீ என் பின்னால் ஒளிந்துகொண்டாய். அவராவது சம்பாதிக்கப் போனார். நீ எதற்குப் போகிறாய்? இங்கே பிள்ளை பெறுகிற பெண்கள் இல்லையா? மலாக்கா யாக்கூப் வீட்டாருக்கு உன் கல்யாணத்துக்கு நான் வாய்ச்சொல் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வது?

போகவில்லை என்று ஒரு வரி எழுது. அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அதுவரை இங்கேதான்.

உம்மா


டன்லப் ஸ்திரீட்
13.8.1962

உம்மா,

காகிதத்தை மேசையில் வைத்தது தப்பு. நீங்கள் எழுதியபடியேதான் நினைத்து வைத்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிடுவேன், மீன் விலையைக் கேட்பேன். சந்தையில் உங்களைப் பொய் சொல்லவைத்ததும் நான்தான்.

ஆனால் யாக்கூப் விஷயமும் எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிகிறது. வாய்ச்சொல் கொடுத்துவிட்டீர்களாமே. நான் காகிதத்தை வைத்த மாதிரி நீங்கள் அதை மேசையில்கூட வைக்கவில்லை. இதில் நாம் இருவரும் சமம் என்று வைத்துக்கொள்வோமா?

எதற்குப் போகிறேன் என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைத் தியாகி மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. மேசையில் இருந்தது அவர்கள் அனுப்பிய பதில்; அதற்கு முன்னால் விண்ணப்பத்தை இரண்டு முறை நிரப்பிக் கிழித்தேன். மூன்றாவதுதான் போனது. கையெழுத்துப் போட்ட அன்று சிராங்கூன் ரோட்டில் நடந்துவருகிறேன், பூக்கடை, மாவு மில், வெற்றிலைக்கடை, எல்லாம் தினம் பார்ப்பதுதான். அன்றைக்கு ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். இதையெல்லாம் விட்டுவிட்டா போகப்போகிறேன் என்று தோன்றியது. ஆற்றுக்குப் பயம். அட்டைக்குப் பயம். அங்கே ஒரு தாய் என் கையில் செத்துப்போனால் என்ன செய்வேன் என்று பயம். இங்கே பெரிய டாக்டர் பக்கத்து அறையில் இருப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படியும் போக ஆசையாக இருக்கிறது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நம் வீட்டில் எப்போதும் ஆண்கள்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள். பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவையாவது நான் போகிறவளாக இருக்க வேண்டும், உம்மா. உட்கார்ந்திருக்கிறவளாக இல்லாமல்.

இப்படி எழுதிவிட்டு இன்னொன்றும் எழுதவேண்டியிருக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் நான் எப்படிச் சரவாக்கில் இருக்கப்போகிறேன் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

ஜரீனா


தெம்பனிஸ் ரோடு
20.8.1962

ஜரீனாவுக்கு,

உட்கார்ந்திருக்கிறவள் என்று எழுதியிருக்கிறாய். நான்கு நாளாக அந்த ஒரு சொல்லைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சண்டைக் காலத்தில் மூன்றரை வருஷம் உன் வாப்பாவிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சிங்கப்பூரில் குண்டு போட்டதில் போயிருப்பார், மனதைத் தேற்றிக்கொள், உனக்கு வயது இருபத்தைந்துதானே என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். புருஷன் செத்தவள்போல இத்தா இருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் முடைந்து விற்றேன். இந்த எழுத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், வாப்பா வந்தால் மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கக் கூடாதே என்று. எந்த நாள், மகளே, நான் உட்கார்ந்திருந்தேன்?

நீ போகிறவளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். அப்படியானால் மறுபடி இங்கே இருக்கிறவள் யார்? நான்தான். ஒரு முறை போதாதா எனக்கு?

மலாக்காக்காரர்கள் இரண்டு வருஷம் பொறுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை வேறு கிடைப்பான்.

நம்மவர்கள் வழக்கப்படி நீ வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுவாய். குற்றங்குறை இருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பாய். எல்லாரும் பொருந்திக்கொண்டோம், போய்வா என்பார்கள். தாராளமாகச் சொல்லிக்கொள். இந்த வீட்டுக்கு மட்டும் வராதே. என் வாயிலிருந்து அது வராது.

உம்மா


டன்லப் ஸ்திரீட்
2.9.1962, ஞாயிறு

உம்மா,

நேற்று ஜாலான் புசார் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட நீங்கள் வந்திருந்தீர்கள். எனக்கு ஏழு பேருக்கு முன்னால் நின்றீர்கள். பச்சைச் சேலை. இளைத்துப்போயிருக்கிறீர்கள். நான் கையை ஆட்டினேன். நீங்கள் என் பக்கம் திரும்பி, நேராகப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். என் முறை வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே ஓடிவருவதற்குள் உங்கள் பஸ் கிளம்பிவிட்டது.

பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டு அழுதேன். இருபத்து நான்கு வயது மிஸ்ஸி, தெருவில் நின்று. ஒரு சீனக் கிழவர் சைக்கிளை நிறுத்தி என்னவென்று கேட்டார்.

உட்கார்ந்திருந்தவள் என்று எழுதிய கையை நான் என்ன செய்வது? எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன். இத்தா இருக்கச் சொன்ன கதையை நீங்கள் இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

நான் போகவில்லை. வரமுடியாது என்று அவர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இன்னும் தபாலில் போடவில்லை. சனிக்கிழமைக்குள் போட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் உங்களிடமிருந்து ஒரு வரி வேண்டும். என்னைப் பொருந்திக்கொண்டேன் என்று எழுதுங்கள், போதும். போட்டுவிடுகிறேன்.

ஜரீனா


டன்லப் ஸ்திரீட்
7.9.1962, வெள்ளி

உம்மாவுக்கு,

உங்கள் அட்டை நேற்று வந்தது. மேலே கீழே ஒரு குறிகூடப் போடாமல் வெறும் எழுத்தாக மூன்று வரி. இருந்தாலும் படிக்க முடிந்தது. "கடிதம் கண்டேன். உன்னைப் பிரிந்து விட்டேன். இனிப் பேச ஒன்றுமில்லை."

பிரிந்துவிட்டீர்கள். சரி. நான் போகவில்லை என்று எழுதிய பிறகும் உங்களுக்கு மனம் இரங்கவில்லை. இதற்குமேல் நான் விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் பாக்கியில்லை. ஒட்டிவைத்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி கப்பல் ஏறுகிறேன். போனாலும் பிரிவுதான், இருந்தாலும் பிரிவுதான் என்றால் நாலு பேருக்கு உதவியாகவாவது போகிறேன்.

வீட்டுச் சாவியைத் தங்கம் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். வாடகை டிசம்பர் வரை கொடுத்தாயிற்று. உங்கள் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உங்களைப் பார்க்க வரமாட்டேன், நீங்கள் சொன்னபடியே. ஆனால் உங்களை ஒரு நாளும் நான் பிரியவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

ஜரீனா


தெம்பனிஸ் ரோடு
11.9.1962

அடி மகளே, நீ எதைப் படித்தாய்?

நான் எழுதியது பொருந்தி விட்டேன். உன்னைப் பொருந்தி விட்டேன். பேஷும் ஜேரும் போடாவிட்டால் நம் எழுத்தில் பொருந்தியும் பிரிந்தும் ஒன்றுபோலத்தான் கிடக்கும். எழுத்து அதே எழுத்து, மேலும் கீழும் போடுகிற குறிதானே வித்தியாசம். என் கண்ணாடி உடைந்து இரண்டு வாரமாகிறது. அஜீஸுடைய கண்ணாடியை வைத்துத்தான் உன் கடிதங்களைப் படித்தேன். அன்றைக்கு அவர் கடைச் சாமான் வாங்கப் போயிருந்தார், தபால்காரன் வாசலில் நிற்கிறான், அவசரத்தில் எழுத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வரிசையில் நீ கையை ஆட்டினாய் என்கிறாய். எனக்கு அங்கே எல்லாமே புகையாகத்தான் தெரிந்தது. பார்த்திருந்தால் திரும்பி வந்து பேசியிருப்பேனா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு உண்மை சொல்லவேண்டும். நான் பொருந்தி விட்டேன் என்று எழுதியது நீ போகவில்லை என்று சொன்னதற்காக. அந்தச் சந்தோஷத்தில் எழுதினது. தலையணையைக் கட்டி வைத்துவிட்டேன், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று கதீஜா எனக்காகக் கோழிக்கறி ஆக்கினாள். மறுநாள் உன் கடிதம் வந்தது.

இனி நான் செய்யவேண்டியது ஒன்றும் பெரிதில்லை. நீ தப்பாகப் படித்துவிட்டாய், நான் வருகிறேன், நீ இரு என்று எழுதினால் போதும். நீ இருந்துவிடுவாய். இரண்டு நாள் அந்த வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போகவில்லை என்று எழுதினதில் வரி சாய்ந்து சாய்ந்து கீழே இறங்குகிறது. பாதி எழுத்துக்குக் குறியே இல்லை. போகிறேன் என்று கோபத்தில் எழுதினாயே, அதில் ஒரு குறி தப்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரம்பைக் காட்டின காலத்தில்கூட நீ அவ்வளவு திருத்தமாக எழுதினதில்லை. கோபத்தில் எழுதினாலும் அதைத்தான் என் மகள் எழுதியிருக்கிறாள். மற்றது என்னைப் பார்த்துப் பயந்த பிள்ளை எழுதினது. நீ பயந்துபோய் என் பக்கத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அஜீஸின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாக் குறியும் போட்டு எழுதுகிறேன். உன்னைப் பொருந்தி விட்டேன். இந்த முறை நீ போவதற்கு. எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. பயணம் சொல்லவேண்டிய வீடு இதுவும்தான்.

உம்மா


டன்லப் ஸ்திரீட்
17.9.1962, திங்கள்

உம்மா,

பயணம் சொல்ல வந்தவள் பயணம் சொல்லாமலே திரும்பிவிட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதும் பொய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும். உங்களைப் பார்த்ததும் மறுபடி மீன் விலையைத்தான் கேட்டேன். நீங்களும் சாப்பிடு சாப்பிடு என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கதீஜா சாச்சிதான் நம் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் எல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டேன். சிராங்கூன் ரோட்டில் நான்கு வீடு, ஜாலான் புசாரில் இரண்டு. எல்லாரும் முதலில் கேட்டது, "உம்மாகிட்ட சொல்லிட்டியா?" சொல்லிவிட்டேன் என்றேன். நீங்கள் சந்தையில் சொன்னதுபோல நானும் ஒன்று சொன்னேன்.

இன்னொரு முறை வரட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. வந்தால் போகமாட்டேன். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். உம்மா, நான் பயணம் போகிறேன். சந்தையில் உங்களைப் பொய் சொல்லவைத்தேன். நீங்கள் நடந்த தூரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் என்றேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன், அதுவும் ஆசையோடு போகிறேன். எல்லாவற்றையும் பொருந்திக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இரண்டு மணிக்கு. வரவேண்டும் என்று எழுதவில்லை.

ஜரீனா


டன்லப் ஸ்திரீட்
23.9.1962

சரவாக்கில் இருக்கும் மகள் ஜரீனாவுக்கு,

நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். புதுக் கண்ணாடி நீ கப்பலேறுவதற்கு முந்தின நாளே போட்டாயிற்று. இனி நீ எழுத்துக்கூட்டிச் சண்டை பிடிக்கவேண்டியதில்லை.

கப்பல் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். தங்கம் துணைக்கு இருந்தாள். "இந்தப் புள்ளைக்குத்தான் என்னா தைரியம்" என்றாள். நீ கப்பலில் ஏறுகிற பலகையில் கால் வைத்தபோது கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஊரில் இருந்தபோது உன் வாப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான். நானும் பிள்ளையும் சுகம், எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாளாவது, நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, வாருங்கள் என்று எழுதினதில்லை. எழுதினால் அவருக்கு வேலை ஓடாது, நல்ல பெண்பிள்ளை அப்படி எழுதமாட்டாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் கவலைப்படாமல் இருந்தார். சண்டைக்கு முன்னால் ஒரு கப்பல் வந்தது. கடையில் வேலை இருக்கிறது, அடுத்ததில் வருகிறேன் என்று எழுதினார். அடுத்தது வரவேயில்லை. நான் ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் அந்தக் கப்பலில் ஏறியிருப்பாரோ என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளும் இல்லை.

உனக்கு அப்படி எழுதமாட்டேன். எனக்குச் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ இல்லாததுதான். சாயங்காலம் நீ வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் காது தானாகப் படிக்கட்டுப் பக்கம் போகிறது. இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு ஒரு பிடியைத் திரும்ப எடுக்கிறேன். இதைப் படித்துவிட்டு ஓடிவரலாம் என்று நினைக்காதே. அங்கே உன்னை நம்பிப் படகில் வருகிறவர்களை நீ பார். அதற்குத்தான் அனுப்பினேன்.

இரண்டு வருஷம் முடியாமல் வராதே. முடிந்த பிறகு ஒரு கப்பலையும் தவறவிடாதே.

உன் உம்மா
ஹலீமா